ஏஐ படிச்சா ஐடி கம்பெனி மட்டும்தானா? தேசிய ஆய்வகங்களில் என்ன வேலை?

அமெரிக்க எரிசக்தித் துறையின் கீழ் 17 தேசிய ஆய்வகங்கள் இயங்குகின்றன. அதில் ஒன்று டென்னஸியில் உள்ள ஓக் ரிட்ஜ். இங்குள்ள ‘ஃப்ரான்டியர்’ சூப்பர் கம்ப்யூட்டர், 2022 மே மாதம் டாப்500 பட்டியலில் முதலிடம் பிடித்தது. நொடிக்கு எத்தனை கணக்கு போடும் தெரியுமா? 1-க்குப் பின்னால் 18 பூஜ்ஜியம்!

அங்கே என்ன வேலை?

பருவநிலை, உலோகக் கலவை, அணு உலை போன்றவற்றைக் கணினிக்குள்ளேயே உருவாக்கிச் சோதிப்பது. ஒவ்வொரு முறையும் முழுக் கணக்கையும் ஓட்டினால் நேரம் எகிறிவிடும். அதனால் பழைய விடைகளைக் கொண்டு மெஷின் லேர்னிங் மாடலைப் பழக்குகிறார்கள். அது சட்டென்று தோராய விடை தரும். அந்த விடையை நம்பலாமா என்று சொல்ல இயற்பியலோ வேதியியலோ தெரிய வேண்டும். கோடிங் மட்டும் போதாது.

சிக்கல் எங்கே?

முனைவர் பட்டம் முடித்த பலர் முதலில் சேர்வது சில ஆண்டு ஒப்பந்தத்தில்தான். நிரந்தர வேலைக்கு உத்தரவாதம் இல்லை. லாரன்ஸ் லிவர்மோர், லாஸ் அலமோஸ் போன்ற அணு ஆயுத ஆய்வகங்களின் ரகசியப் பணிகளுக்கு அமெரிக்கக் குடியுரிமையும் தேவை. இந்திய மாணவர்கள் விண்ணப்பிக்கும் முன் இந்த இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது.