நாலு கோடி ரூபாய் வெள்ளை யானையா?

"கொரோனாதான் போயிடுச்சே, இனி எதுக்கு கிருமியின் மரபணுவைப் படிக்கிற மெஷின்?" இப்படிக் கேட்பவர்களுக்குக் கணக்கும் தெரியவில்லை, நோயும் தெரியவில்லை.

2021 செப்டம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் தமிழக அரசு திறந்த ஆய்வகத்துக்கு ஆன செலவு சுமார் 4 கோடி. அதற்கு முன் சாம்பிள்கள் பெங்களூரு போகும். முடிவு வருவதற்குள் நோயாளி குணமாகி வீட்டுக்கே போயிருப்பார். (அது தண்டச் செலவுதான், யார் இல்லை என்றது?)

தண்டலம் வழியாக ஷிப்ட் நேரத்தில் ஓடும் கம்பெனி பஸ்ஸைப் பாருங்கள். ஐந்து பேர் ஏறினாலும் ஐம்பது பேர் ஏறினாலும் டீசல் ஏறக்குறைய ஒன்றுதான். இந்த மெஷினும் அப்படியே. சாம்பிளைத் தயார்செய்யும் செலவு தனித்தனி. ஆனால் ஒருமுறை ஓட்டுவதற்கான கெமிக்கலை உடைத்துவிட்டால் பத்துக்கும் தொண்ணூறுக்கும் அதே காசு. காலியாக ஓட்டிவிட்டு "தலைக்கு இவ்வளவா" என்று அங்கலாய்த்தால் எப்படி?

காலி சீட்டில் யாரை ஏற்றுவது? காசநோயை. உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியாவில். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 படுக்கைகள், செலவு 706.50 கோடி. ஒரகடம் வரை ஊருக்கு ஊர் இருக்கும் வாடகை ரூம்கள் தனி. அங்கே இரண்டு பேருக்குக் காசநோய் என்றால், ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வந்ததா, அவரவர் ஊரிலிருந்தே கொண்டுவந்ததா? வாயால் விசாரித்தால் உண்மை வராது (வேலை போய்விடுமோ என்ற பயம்). கிருமியின் 44 லட்சம் எழுத்துகளைப் படித்தால் தெரியும். வித்தியாசம் ஐந்துக்குள் என்றால் சமீபத்தில் பரவியது. பன்னிரண்டைத் தாண்டினால் அநேகமாகச் சம்பந்தமில்லை. ரூம்மேட்களைச் சோதிப்பது எப்படியும் உண்டு. மொத்த பிளாக்கையும் சோதிக்க வேண்டுமா என்பதற்கு இதில் விடை இருக்கிறது.

"ஏழை நாட்டுக்கு இதெல்லாம் ஓவர்" என்பது அடுத்த வாதம். 2016ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில் வழக்கமான காசநோய்ப் பரிசோதனைகளுக்கு 518 பவுண்ட், மரபணு வழிக்கு 481. முழு முடிவும் 21 நாள் முன்னதாக. அடுத்த வருடமே இங்கிலாந்து இதை நடைமுறையாக்கியது. அங்கே லேப் ஆட்களின் சம்பளம் அதிகம், அதனால் மெஷின் மலிவாகத் தெரிகிறது என்றால்... நியாயம். இங்கே ஆள் கூலி குறைவு, கெமிக்கல் இறக்குமதி. அந்த 37 பவுண்ட் லாபம் இங்கே நஷ்டமாகவே ஆகலாம்.

ஆனால் அந்த 21 நாள்? மருந்துக்கு அடங்காத கிருமியோடு, வேலை செய்யாத மாத்திரையை விழுங்கிக்கொண்டு, ஆறு பேர் படுக்கும் ரூமில் ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி இருமும் மூன்று வாரம். லீவு போட்டால் சம்பளம் கிடையாது. அந்த நஷ்டம் சுகாதாரத்துறை பட்ஜெட்டிலும் வராது, கம்பெனி பேலன்ஸ் ஷீட்டிலும் வராது.