பக்கா என்னும் சொல்லும் பள்ளிக்கூடத்து மரச்சுவரும்

பள்ளிக்கு இரண்டு அறைகள் கூடுதலாக வேண்டும் என்றதும் அதிகாரிகளும் பெற்றோரும் ஒரே குரலில் கேட்பது 'பக்கா' கட்டடம். பள்ளிகளைப் பற்றிய அரசுப் புள்ளிவிவரமும் வகுப்பறைகளைப் பக்கா, பகுதி பக்கா, கச்சா, கூடாரம் என்றே பிரிக்கிறது. இந்தச் சொல்லுக்கு வரையறை என்ன என்று தேடினால் வியப்பே மிஞ்சும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நிலையான சுவர்ப்பொருள்களாகச் சுட்ட செங்கல், கல், கான்கிரீட், உலோகத் தகடு, ஆஸ்பெஸ்டாஸ் தகடு ஆகியவற்றைக் கூறுகிறது. அந்தப் பட்டியலில் மரம் இல்லை. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் பக்கா பட்டியலிலோ மரமும் உண்டு, சிமெண்ட் பூசிய நாணல் தட்டியும் உண்டு. ஒரே அரசின் இரு துறைகள் ஒரே சுவருக்கு இரு வேறு தீர்ப்புகளை வழங்குகின்றன.

மொழியியல் பயின்றோருக்கு இங்கே இன்னொரு முரணும் தென்படும். இந்தியில் 'பக்கா' என்பது சமைத்தது, பழுத்தது என்னும் பொருளுடைய 'பக்வ' என்ற வடசொல்லின் வழிவந்தது. நம் 'பக்குவம்' அதன் உடன்பிறப்பு. வெட்டிய மரத்தை ஈரம் போக உலர்த்திப் பதப்படுத்துவதைப் பக்குவப்படுத்துதல் என்கிறோம். சொல்லின் வேரின்படி பக்குவமான மரமே பக்கா. படிவத்தின்படி அதற்கு அந்தத் தகுதி இல்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 1897 ஜூன் 12 நிலநடுக்கத்தில் ஷில்லாங்கின் கல் கட்டடங்கள் சரிந்தபின், அசாம், மேகாலயப் பகுதிகளில் மரச்சட்டமும் இக்ரா என்னும் நாணல் தட்டியும் தகரக் கூரையும் கொண்ட 'அசாம் வகை'க் கட்டடம் பரவலாயிற்று. மரத்தூண்களுக்கு நடுவே தட்டிகளைப் பொருத்திச் சாந்து பூசுவது அதன் முறை. பழுதான தட்டியை மட்டும் கழற்றி மாற்றலாம். பக்கவாட்டில் இன்னொரு அறையையும் சேர்க்கலாம். இன்று வெளிநாட்டுச் சரக்குபோல் 'மாடுலர்' என்று நாம் பேசுவதன் அடிப்படைக் கருத்து அங்கே நூறாண்டுக்கு மேலாகப் புழக்கத்தில் இருக்கிறது. நிலநடுக்கத்தில் கட்டடம் தாங்க வேண்டிய விசை அதன் எடையைப் பொறுத்தது. கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 2400 கிலோ. கட்டுமான மரம் பெரும்பாலும் 500 முதல் 800 வரை. 2011 செப்டம்பரில் சிக்கிம் நடுங்கியபோது, பல கான்கிரீட் கட்டடங்கள் விரிசல் கண்ட இடங்களிலும் இக்ரா வீடுகள் பெரிய சேதமின்றி நின்றதை ஆய்வுக்குச் சென்ற பொறியாளர்கள் பதிவு செய்தனர்.

களப்பணிக்காக நான் சென்ற அசாம் மலையோரப் பள்ளி ஒன்றில், கூடுதல் அறைகளுக்கான கான்கிரீட் தூண்கள் இரண்டாம் ஆண்டாகக் கம்பி நீட்டிக்கொண்டு நின்றன. மணலும் சிமெண்டும் மலையேற வேண்டும். கியூரிங்குக்குத் தண்ணீர் வேண்டும். மழைக்காலத்தில் வேலை நிற்கும். அதுவரை பழைய இக்ரா அறையிலேயே இரண்டு வகுப்புகள். நான் ஒலிப்பதிவு செய்த சொற்பட்டியலில் பக்கத்து வகுப்பின் பெருக்கல் வாய்ப்பாடும் கலந்துவிட்டது. பிள்ளைகளுக்கு அது அன்றாடம். விரிவாக்கம் என்பது நடந்துகொண்டிருக்கும் பள்ளிக்குள் நடக்கும் வேலை. சட்டங்களையும் தட்டிகளையும் பட்டறையில் முடித்து, மலைப்பாதை லாரியில் ஏறும் அளவில் கொண்டுவந்து, விடுமுறைக்குள் பொருத்திவிட முடிவதே மரத்தின் முதன்மையான தகுதி என்பேன். செலவுக் கணக்கு அதற்குப் பிறகு.

தமிழில் இதை எழுதும்போது கும்பகோணத்தைத் தாண்டிச் செல்ல இயலாது. 2004 ஜூலை 16 அன்று கீற்றுக் கூரையில் பற்றிய தீ 94 பிள்ளைகளைக் கொண்டுபோனது. அதன்பின் மரம் என்றாலே நாம் அஞ்சுவதில் தவறில்லை. ஆயினும் கீற்று எரிவதும் தடித்த உத்தரம் எரிவதும் வேறு வேறு. கனமான மரம் நிமிடத்திற்குச் சுமார் 0.7 மில்லிமீட்டர் வீதம் கரியாகிறது. அந்தக் கரிப்படலம் உள்மரத்தைக் காக்கிறது. அரை மணி நேரத் தீயில் ஒரு பக்கம் இழப்பது ஏறத்தாழ 2 சென்டிமீட்டர். மெல்லிய ஒட்டுப்பலகைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதைக் கொண்டு மலிவாக வகுப்பறை அமைக்க முனைவோரை நான் எதிர்ப்பேன். கும்பகோணத்தில் கூரை மட்டுமா கொன்றது? குறுகிய படிக்கட்டையும் நெரிசலையும் கான்கிரீட் கூரை தானாகவே நீக்கிவிடாது. மரத்தில் விரிவாக்கும் அறைகள் தரைத்தளத்தோடு நிற்க வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் வெளிப்புறம் திறக்கும் இரு கதவுகள் வேண்டும்.

மரம் எங்கிருந்து வரும் என்பதே இதைவிடக் கடினமான கேள்வி. காடுகளைக் காக்க மத்தியப் பொதுப்பணித்துறை 1993இல் தன் கட்டடங்களில் மரத்தைத் தவிர்த்தது. கூடலூர்க் காடுகளுக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கில் 1996இல் பிறந்த உச்ச நீதிமன்ற ஆணை, வடகிழக்கிலிருந்து மரம் வெளியேறுவதையே நிறுத்தியது. அன்று அவை தேவைப்பட்டன. 2017இல் காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் சட்டப்படி மரம் என்னும் வரையறையிலிருந்து நீங்கியது. 2020இல் பொதுப்பணித்துறையும் தன் தடையை விலக்கியது. தடை நீங்கினாலும், இடைப்பட்ட 27 ஆண்டுகளில் மரம் அறிந்த பொறியாளர் தலைமுறை ஒன்று உருவாகாமலே போயிற்று. ஜப்பானும் இப்படித்தான் விலகியது. 1959 இசேவான் புயலுக்குப் பின் அந்நாட்டுக் கட்டடக்கலைக் கழகம் மரக் கட்டுமானத்துக்கு எதிராகத் தீர்மானம் இயற்றிற்று. 2010இல் தாழ்ந்த பொதுக்கட்டடங்களை மரத்தில் கட்ட ஊக்குவிக்கும் சட்டம் வந்தது. ஆனால் அங்கே வளர்த்த காடு காத்திருந்தது. இங்கே தோட்ட மரமும் மூங்கிலும் போதிய அளவில் சீராகக் கிடைக்கும்வரை நாடெங்கும் மரப்பள்ளி என்று முழங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. வடகிழக்கும் இமயச் சரிவும் போதும்.

கரையானையும் மழையையும் பற்றிக் கேட்பீர்கள். கல் பீடம், அகன்ற இறவாரம், ஆண்டுதோறும் பராமரிப்பு என அந்த ஊர்த் தச்சர்களிடம் விடை இருக்கிறது. பராமரிப்புக்கு நிதித்தலைப்பு இல்லை என்பதே சிக்கல்.

இப்போதைக்கு என் கோரிக்கை சிறியது. பள்ளிப் புள்ளிவிவரப் படிவத்தில் பக்காவா கச்சாவா என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் அறைக்கு எத்தனை வாயில், சட்டம் எத்தனை தடிமன், பழைய கட்டடத்துக்கும் புதியதற்கும் நடுவே நிலநடுக்க இடைவெளி உண்டா என்ற மூன்றையும் கேளுங்கள்.