மாம்பழ ஈயும் ஊரார் கடமையும்

2014-ம் வருஷம் மே மாதம் முதல் இந்திய மாம்பழங்களை உள்ளே விடலாகாதென்று ஐரோப்பிய யூனியன் தடை விதித்தது. அனுப்பிய பழங்களில் பழ ஈயின் புழுக்கள் காணப்பட்டமையே காரணம். மறு வருஷம் தடை நீங்கிற்று, ஈ நீங்கவில்லை. அயலார் நமது பழத்தை மறுத்தால் ரோஷங்கொள்ளுகிறோம். நமது குழந்தைகள் புழுப்பழத்தைக் கடித்துத் துப்புவது பற்றி எவருக்கும் ரோஷம் வருவதில்லை. இது விந்தையன்றோ?

குடியானவனின் அசிரத்தையே காரணமென்று சொல்லுவாருண்டு. நாம் அதை ஒப்போம். ஈயின் இயல்பை அறிந்தோர் அவ்வாறு கூறார். பெண் ஈ முற்றிய காயின் தோலைத் துளைத்து முட்டையிடுகிறது. புழு சதையைத் தின்று வளர்ந்து, வெளிவந்து, மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகிறது. உஷ்ண காலத்தில் மூன்று நான்கு வாரங்களில் முட்டை ஈயாகிவிடும். குளிரில் அதிக நாள் பிடிக்கும். ஆகவே கோடை வெப்பமும், மழை ஈரமும், பழுக்கும் மாவும் ஒன்றுசேருங்கால் ஈக்கள் பன்மடங்கு பெருகுகின்றன.

மாம்பழக் காலம் முடிந்தால் ஈயும் மடியுமென்பது வீண் எண்ணம். கொய்யா, சப்போட்டா முதலிய நூற்றுக்கணக்கான தாவரங்களின் கனிகள் அதற்கு இரையாகும். புழக்கடைக் கொய்யாவில் காலங்கழித்த ஈயின் சந்ததியே மறு வருஷம் மாந்தோப்பில் புகுகிறது. ஒருவன் தன் தோப்பைச் சுத்தமாக வைத்திருந்தும் பயனென்ன? அடுத்த தோப்பில் அழுகும் பழம் அவனையும் கெடுத்துவிடும்.

ஜப்பானியர் 1986-க்குள் தங்கள் தீவுகளிலிருந்து இந்த ஈயை அடியோடு ஒழித்தனர். துளசியிலும் உள்ள மெதில் யூஜினால் என்னும் வாசனைப் பொருளில் விஷங்கலந்து ஆண் ஈக்களை இழுத்துக் கொன்றனர். துணையின்றிப் பெண் ஈக்களின் வம்சம் அற்றது. அவை கடல் சூழ்ந்த தீவுகள். நமது தோப்புகளுக்கோ அத்தகைய அரணில்லை. ஊரார் ஒற்றுமையே அரணாக வேண்டும்.

ஏற்றுமதிப் பழத்தை 48 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் அமிழ்த்திப் புழுவைக் கொல்லும் முறை உண்டு. அது அயலாருக்கு நற்பழம் தரும்; நமது தோப்பைக் காவாது. உதிர்ந்த பழங்களைத் தினந்தோறும் பொறுக்கி ஆழப் புதைத்தல், மரத்தடி மண்ணைக் கிளறிவிடுதல், காய் முற்றுமுன்பே எல்லாத் தோப்புகளிலும் பொறி கட்டுதல் ஆகிய மூன்றையும் ஊர் முழுதும் ஒரே காலத்தில் செய்தல் வேண்டும். பொறியைச் சர்க்கார் இலவசமாகக் கொடுக்கட்டும்; பஞ்சாயத்துகள் முன்னின்று நடத்தட்டும். மேடையில் கிராம சேவை பேசும் நண்பர்கள் இவ்வருஷம் ஒரு கிராமத்திலேனும் இதைச் செய்துகாட்டுவார்களா?