புகையைப் பாத்து இன்ஜினைப் பிரிக்கற டாக்டர்கள்

அப்பா ஓட்டின 1996 மாடல் புல்லட் 350. ரெண்டு மாசமா கறுப்புப் புகை, பெட்ரோல் வாடை. லிட்டருக்கு 35 கொடுத்த வண்டி 22-க்கு இறங்கிடுச்சு. மெக்கானிக்கிட்ட விட்டேன்.

"போர் போயிடுச்சு சார். இன்ஜினைப் பிரிச்சு போர் அடிச்சு, பிஸ்டன் மாத்திடலாம்."

"ப்ளக்கைக் கழட்டிப் பாத்தீங்களாண்ணே?"

"அதெதுக்கு சார்? புகையே சொல்லுதே."

எனக்கு வந்துச்சே கோவம்! ஆமாங்க, புகை சொல்லுது. காது கொடுத்துக் கேக்கணுமே? நீலப் புகைன்னா ஆயில் எரியுது. அப்ப போர், ரிங் பத்திப் பேசலாம். கறுப்புப் புகைன்னா பெட்ரோல் கூடுதல், காத்து கம்மி. ப்ளக்குல எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா ஆயில். காஞ்ச கரியா விரல்ல ஒட்டுச்சுன்னா மிக்ஸ்சர் ரிச். ஒரு ப்ளக் ஸ்பேனர், ரெண்டு நிமிஷம். இதைக்கூடச் செய்யாம இன்ஜினைப் பிரிக்கறது, தலைவலின்னு போனவனுக்கு மண்டையைப் பொளக்கற வைத்தியம்.

இன்னொரு கோஷ்டி இருக்கு. எதுவானாலும் ஸ்க்ரூடிரைவரோட வந்து ஏர் ஸ்க்ரூவைத் திருகும். அது ஐடிலுக்கும், த்ராட்டிலை லேசாத் திறக்கறதுக்கும் மட்டும்தாங்க. நடுவுல நீடில், முழுசா முறுக்கினா மெயின் ஜெட். அங்க இருக்கற கோளாறு இங்க திருகினா எப்படிப் போகும்?

வண்டியை வீட்டுக்கே ஓட்டிட்டு வந்துட்டேன். காசில்லாத சோதனை மூணு. ஏர் ஃபில்டரைக் கழட்டிட்டு ஸ்டார்ட் பண்ணினேன், மாற்றமில்லை. சோக் முழுசா இறங்குதான்னு பாத்தேன், இறங்குது. கடைசியா, இன்ஜின் சூடானதும் ஐடில்ல விட்டு பெட்ரோல் டேப்பை மூடினேன். கொஞ்ச நேரத்துல அந்தத் தடுமாற்றம் அடங்கி, அணையறதுக்கு முன்னாடி அழகாத் துடிச்சுது பாருங்க! ஆக, கிண்ணத்துல பெட்ரோல் மட்டம்தான் அதிகம். பிரிச்சா, ஃப்ளோட் நீடில் முனையில தேய்ஞ்ச வளையம். சாமான் விலை ஒரு ஹோட்டல் சாப்பாட்டுக் காசு.

இதுல பெரிய கொடுமை என்ன தெரியுமா? கூடுதல் பெட்ரோல், சிலிண்டர் சுவத்துல இருக்கற ஆயில் படலத்தைக் கழுவிடும். கீழ இறங்கி இன்ஜின் ஆயிலையும் நீர்க்க வச்சிடும். நீடிலைக் கவனிக்காம புது பிஸ்டன் போட்டிருந்தா, அந்தப் புது போரும் சீக்கிரமே தேய்ஞ்சிருக்கும். அவர் தப்பாச் சொன்னது நிஜமாவே ஆகியிருக்கும்!

2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 வந்ததிலிருந்து புது வண்டிகள் பெரும்பாலும் இன்ஜெக்‌ஷன்தான். கார்பரேட்டர் தெரிஞ்ச கைகள் குறைஞ்சுக்கிட்டே வருது. அதனால பழைய வண்டி வச்சிருக்கற மக்களே, நாமதான் கத்துக்கணும். ப்ளக்கைப் பாக்காம யாராவது இன்ஜின்ல ஸ்பேனரை வச்சா, சாவியைத் திருப்பி வாங்கிட்டு வந்துடுங்க.

அப்பா இருந்திருந்தா, சத்தத்தை வச்சே சொல்லியிருப்பார்.