அட்டை நம் கையில், பணம் யார் பையில்?

விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டு, கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களைக் கேளுங்கள். காப்பீட்டு அட்டை இருக்கிறதா? இருக்கிறது, டிரங்குப் பெட்டியில் பத்திரமாக! காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்த்து ஊசி போட்டுக்கொள்ள அது செல்லுமா? செல்லாது. ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் அட்டைக்கு உயிர் வரும்.

2009-ல் வந்தது கலைஞர் காப்பீட்டுத் திட்டம். சுமார் 1 கோடி குடும்பங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 469 ரூபாய். நோய் வந்தாலும் வராவிட்டாலும் சர்க்கார் கஜானாவிலிருந்து தனியார் கம்பெனிக்கு ஆண்டுக்கு 469 கோடி! 2011-ல் ஆட்சி மாறியது, 2012-ல் திட்டத்தின் பெயரும் மாறியது. காப்பீடு பொதுத்துறைக் கம்பெனிக்கு வந்தது, நல்லதுதான். ஆனால் ஏற்பாடு அதேதான்.

என்ன ஏற்பாடு? கம்பெனியும் தனியார் ஆஸ்பத்திரியும் ஒப்பந்தம் போடுகின்றன. இன்ன ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று விலை கட்டுகிறார்கள். அதில் ஆஸ்பத்திரிக்கு ஒரு பங்கு, கத்தி பிடிக்கும் டாக்டருக்கு ஒரு பங்கு. மாத்திரையில் குணமாகும் நோய்க்கு இதில் காசில்லை. கத்தி வைத்தால் காசு! ஆசை எந்தப் பக்கம் இழுக்கும்?

கற்பனையல்ல, தோழர்களே! 2012-ல் சத்தீஸ்கரிலும், பீகாரின் சமஸ்திபூரிலும், ஏழைகளுக்கான காப்பீட்டு அட்டையோடு வயிற்றுவலி என்று போன பெண்களுக்குத் தேவையில்லாமல் கருப்பையையே அறுத்தெடுத்தார்கள் என்று புகார் கிளம்பி, விசாரணை நடந்தது. கூலிக்காரப் பெண்ணின் உடம்பு இவர்களுக்கு உண்டியலா?

அட்டையால் இருதய ஆபரேஷன் நடந்து பிழைத்தவர்கள் நம் ஊர்களிலும் உண்டு. அதை மறுப்பவன் மூடன். அந்த ஆபரேஷனைச் சர்க்கார் ஆஸ்பத்திரியிலேயே செய்ய ஏன் கூடாது என்பதுதான் கேள்வி. பிரிட்டனில் 1948 முதல் வரிப்பணத்திலேயே வைத்தியம் நடக்கிறது. நம் ஆட்சியாளர்களுக்குப் பிடித்ததோ அமெரிக்க வழி. அங்கே டாக்டர் எழுதிய சிகிச்சைக்குக் கம்பெனி குமாஸ்தா தலையாட்ட வேண்டும்!

மில் தொழிலாளிக்காவது ஈ.எஸ்.ஐ. உண்டு, 2019 முதல் சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் பிடிக்கிறார்கள். திராட்சைத் தோட்டத்துக் கூலிக்கு அதுவும் கிடையாது. ஆகவே ஆலைச் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் சேர்ந்தே கேட்க வேண்டும்: காப்பீட்டுக்குக் கொட்டும் பணத்தைக் க.விலக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கும், கம்பம், போடி, உத்தமபாளையம் அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் கொடு! இராத்திரியிலும் டாக்டரை வை! மருந்தை வெளியே வாங்கச் சொல்லாதே!