சோபா கம் பெட்டும் என் அக்காவும்

திருச்சியில் இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு மேற்கு மாம்பலம் ஃபிளாட்டுக்கு நாங்கள் வந்து ஆறு வருஷம் ஆகிறது. பத்திரத்தில் 700 சதுர அடி. மாடிப்படி, லிப்ட், சுவர் கனம் எல்லாவற்றையும் கழித்தால் நானும் என் மனைவியும் நடமாடுவது 500 சொச்சம் சதுர அடியில்தான். ஹால் 10க்கு 14. படுக்கையறைகள் இரண்டும் 10க்கு 10. அதில் ஒன்று பூஜை சாமான்களுக்கும் பழைய பெட்டிகளுக்கும் போய்விட்டது.

"சின்ன வீடுப்பா, ஒவ்வொரு சாமானும் ரெண்டு வேலை செய்யணும்" என்றான் மகன். சரியான பேச்சுதான். கடைக்கு அழைத்துப் போய் அவனே காட்டினான். பகலில் சோபா, இரவில் கட்டில். தூக்கினால் உள்ளே அலமாரி போல இடம் இருக்கும் ஹைட்ராலிக் கட்டில். விற்பனைப் பையன் ஒரே இழுப்பில் சோபாவைப் படுக்கையாக்கிக் காட்டினான். அவனுக்கு வயது இருபத்தைந்து இருக்கும். எனக்கு அப்போது அறுபத்திரண்டு. அந்த வித்தியாசத்தை அன்றைக்கு நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டையும் வாங்கிவிட்டேன்.

அடுத்த தை மாசம் அக்கா வந்தாள். எழுபது வயது, முழங்கால் வலி. பத்து நாள் இருப்பதாகத்தான் ஏற்பாடு. இரவு சாப்பாடு ஆனதும் டீப்பாயை நகர்த்தி, நாற்காலிகளை ஓரம் கட்டி, நானும் மனைவியுமாகச் சோபாவை இழுத்து விரிப்போம். காலையில் அக்கா எழுந்ததும் திரும்ப மடக்குவோம். பால்காரர் வருவதற்குள் ஹால் ஹாலாக வேண்டுமே! இதற்காகவே அக்கா ஐந்து மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவாள். பகலில் கொஞ்சம் சாய வேண்டும் என்றாலும் கேட்க மாட்டாள். விரித்த படுக்கை தரையிலிருந்து ஓர் அடி உயரம்தான். அதிலிருந்து எழுந்திருக்க அவள் பட்ட பாடு இருக்கிறதே! நடுவில் இருந்த இரும்புச் சட்டம் முதுகில் உறுத்தியதை ஊருக்குப் போன பிறகுதான் போனில் சொன்னாள்.

ஏழாம் நாள் இரவு பாத்ரூம் போக எழுந்தவள், நாங்கள் நகர்த்தி வைத்திருந்த டீப்பாயில் இடித்துக்கொண்டாள். நல்லவேளை, விழவில்லை. முழங்காலுக்குக் கீழே நீலமாகக் கன்றிப்போயிருந்தது. மறுநாள், "பேத்திக்குப் பரீட்சைடா, நான் போகணும்" என்று கிளம்பிவிட்டாள். பரீட்சைக்கு இன்னும் ஒரு மாசம் இருந்தது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்றிலிருந்து இந்த இரட்டை வேலை சாமான்களைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. உருமாற்றினால்தான் இரண்டாவது வேலையைச் செய்யும் என்கிற சாமான், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் நாளடைவில் ஒரு வேலைதான் செய்யும். ஆறு மாசத்தில் யாரும் அதை விரிப்பதும் இல்லை, மடக்குவதும் இல்லை. ஹைட்ராலிக் கட்டிலும் அப்படித்தான். தேங்காய் நார் மெத்தையோடு சேர்த்துத் தூக்க என் மனைவியால் முடியவில்லை. உள்ளே வைத்த கம்பளி அங்கேயே கிடந்தது. குளிருக்கு வேறு கம்பளி வாங்கினோம்!

"அந்தக் காலத்துப் பாய் போல வருமா?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். வராதுதான். பத்தமடைப் பாயைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்திவிட்டால் படுக்கையறை கூடமாகிவிடும். ஆனால் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் கூப்பிட வேண்டிய வயது நமக்கு. பாயின் பெருமையைப் பேசலாம், படுக்க முடியாது.

என் ஓட்டு திவானுக்கு. எழுபதுகளில் குவார்ட்டர்ஸ் வீடுகளில் பார்த்திருப்பீர்களே, அதேதான். மூன்றடி அகலம், ஆறேகால் அடி நீளம், மெத்தையோடு சேர்த்துப் பதினெட்டு அங்குல உயரம். சுவரோரம் இரண்டு திண்டு வைத்தால் நாலு பேர் உட்காரலாம். திண்டை எடுத்துவிட்டால் ஒருவர் நிம்மதியாகப் படுக்கலாம். எதையும் இழுக்க வேண்டாம், மடக்க வேண்டாம். அடியில் சக்கரம் வைத்த இரண்டு பெட்டிகள். சோபா கம் பெட்டைப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு, ஆசாரியிடம் சொல்லி இதைச் செய்து வாங்கினேன்.

மடக்குச் சாமானே ஆகாது என்று சொல்லவில்லை. சமையலறைச் சுவரில் 2க்கு 3 அடிப் பலகை மேஜை ஒன்று மாட்டியிருக்கிறோம். தினமும் மூன்று வேளை விரிக்கிறோம், மடக்குகிறோம். காரணம், என் மனைவி அதை ஒரு கையால் செய்துவிடுகிறாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் இரண்டு மடக்கு நாற்காலிகள் தொங்குகின்றன. வாசலில் மூடி போட்ட பெஞ்சு: உட்கார்ந்து செருப்பு மாட்டலாம், உள்ளே குடையும் செருப்பும்.

வாங்கப் போகிறவர்களுக்கு, பட்டறிந்தவன் சொல்வது இது. கடைக்காரர் பிரித்துக் காட்டுவதை நம்பாதீர்கள். வீட்டிலேயே பலம் குறைந்தவர் யாரோ அவரை அழைத்துப் போய், அவர் கையால் மூன்று தடவை விரித்து மடக்கச் சொல்லுங்கள். அவரையே அதில் உட்காரவைத்து, கையை ஊன்றாமல் எழ முடிகிறதா என்று பாருங்கள். வாங்குமுன் அளவு எடுத்து, பழைய செய்தித்தாள்களைத் தரையில் அதே அளவுக்குப் பரப்புங்கள். மூடிய அளவு போதாது, விரித்த அளவுக்குப் பரப்ப வேண்டும். 10க்கு 10 அறையில் 5க்கு ஆறரை டபுள் கட்டில் போட்டால் மூன்றில் ஒரு பங்கு தரை போய்விடும். அடியில் டிராயர் இருந்தால் அதை இழுக்க இரண்டடி வேறு வேண்டும். இதெல்லாம் போக, படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை இரண்டரை அடியாவது தடையில்லாத வழி இருக்க வேண்டும். இருட்டில் தடவிக்கொண்டு போகிறவர் நாமாகத்தான் இருப்போம். இன்னொன்று, மலிவு என்று அழுத்தத் தூள் பலகையில் செய்ததை வாங்காதீர்கள். வீடு துடைக்கிற ஈரத்திலேயே அடிப்பக்கம் உப்பிவிடும்.

"இடத்தை மிச்சம் பிடிக்க" என்று விளம்பரம் சொல்கிறது. யாருக்காக மிச்சம் பிடிக்கிறோம்? மிச்சம் பிடித்த இடத்தில் கூடப்பிறந்தவள் பத்து நாள் இருக்க முடியவில்லை என்றால் அந்த இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

போன சித்திரையில் அக்கா திரும்ப வந்தாள். மதியம் சாப்பிட்டதும் யாரையும் கேட்காமல் திண்டைத் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டாள். பதினொரு நாள் இருந்தாள்.

உங்கள் வீட்டிலும் மடக்கும் சாமான் ஒன்றிரண்டு இருக்கும். போன மாசம் அதை எத்தனை தடவை மடக்கினீர்கள்? எண்ணிப் பாருங்கள்.