மகசூல் என்றால் என்ன?

"ஏனுங்க, இந்த வருசம் மகசூல் எப்படிங்க?" பொள்ளாச்சிச் சந்தையிலும் அந்தியூர்ச் சந்தையிலும் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. கேட்பவரும் சரி, பதில் சொல்பவரும் சரி, மகசூலை வீட்டுச் சொல்லாகவே நினைக்கிறார்கள். ஆனால் அது வெகு தூரத்திலிருந்து வந்தது.

அரபு மொழியில் பிறந்து, பாரசீகம், உருது வழியாக இங்கே வந்து சேர்ந்த சொல் அது. மூலப் பொருள், 'கைக்குக் கிடைத்தது'. உருதுவில் அது விளைச்சலைக் குறிக்கும். வரி, சுங்கம், தபால் கட்டணம் ஆகியவற்றையும் குறிக்கும். மராட்டிய மாநிலத்தில் அரசாங்க வருவாய்த் துறைக்கே 'மஹசூல்' என்றுதான் பெயர். மலேசியத் தமிழர்களுக்குத் தெரிந்த 'ஹாசில்' என்ற மலாய்ச் சொல்லும் இதன் உடன்பிறப்பு. அங்கே விளைச்சலும் ஹாசில். வருமான வரி வாரியத்தின் பெயரிலும் ஹாசில்! தாலுகா ஆபீசில் இருக்கும் தாசில்தாரும் அதே குடும்பம்தான். (வசூல் மட்டும் வேறு வீட்டுப் பிள்ளை. அதற்கு 'வந்து சேருவது' என்று பொருள்.)

விளைச்சலுக்கும் வரிக்கும் ஒரே சொல்லா? களத்தில் குவிந்த தானியத்தைக் குடியானவன் 'கிடைத்தது' என்றான். அதில் தன் பங்கை வாங்கிக்கொண்ட சர்க்காரும் 'கிடைத்தது' என்றது. அவ்வளவுதான்.

கோவைச் சீமை 1799 வரை மைசூர் ஆட்சியில் இருந்தது. பிறகு கும்பெனியார் கைக்கு மாறியது. கொடி மாறியதே தவிர, ஜமாபந்தி, பசலி, தாசில் என்ற கணக்குச் சொற்கள் மாறவில்லை. மகசூலை மட்டும் உழவன் தன் பக்கம் இழுத்துக்கொண்டான் போலும்! இன்று கொங்கு நாட்டில் மகசூல் என்றால் வரி என்று யாரும் நினைப்பதில்லை.

ஆனால் அந்த மூலப் பொருள் மறந்துபோயிற்று. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் புது ரகம் வெளியிட்டால், எக்டேருக்கு இத்தனை கிலோ மகசூல் என்று செய்தி வருகிறது. நல்ல செய்திதான். அந்தக் கிலோவுக்கு என்ன விலை கிடைத்தது என்று பிறகு எழுதுவோர் குறைவு. கிணத்துக்கடவுச் சந்தையில் தக்காளி மலையாகக் குவியும் நாட்களில், பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூட விலை கட்டாமல் போவதுண்டு. செடி காய்த்தது, கைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. புள்ளி விவரத்தில் அதுவும் மகசூல்தான். எடையை எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில், செலவு போக உழவன் வீட்டுக்குக் கொண்டுபோன ரூபாயை எழுதவும் ஒரு கட்டம் போட்டால் என்ன?